மண்டபத்திலிருந்து மணாலிப் பனிச்சரிவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மண்டபத்துக்காரி. மூன்று வருஷமாகப் பொங்கல் முடிந்ததும் ஹிமாச்சல் மலையில் இருக்கும் மணாலிக்குப் போய்ப் பனிச்சறுக்குப் பழகி வருகிறேன். முதல் தடவை நானும் தம்பியும் மட்டும். அடுத்த வருஷம் சித்தப்பா, சித்தி, தங்கச்சிமடத்து மாமா பிள்ளைகள் என்று ஏழு பேராகப் போனோம். அதிலிருந்து கல்யாண வீடு, ரேஷன் கடை வரிசை, பாம்பன் பஸ் என்று எங்கே பார்த்தாலும் நம் கடற்கரை ஆட்கள் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்திலிருந்து போக நினைப்பவர்களுக்காக அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள் பனியில் நின்று படம் எடுத்துத் திரும்ப இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே சரிவில் ஐந்து நாள் நிற்க முடியும் என்றால் கட்டாயம் போங்கள்.

பனி என்றால் நம்ம மார்கழிப் பனி மாதிரியா? ஊட்டியில் விழுவதும் இதுதானா?

நம் பேச்சில் பனி என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் ஓடுகிறது, குழப்பம் அதனால்தான். மார்கழி விடியற்காலையில் நம் வீட்டுத் தகரத்திலிருந்து சொட்டுவது நீர்த்துளி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லை வெளுக்க வைப்பது உறைபனி. தரையை ஒட்டிய ஈரம் அங்கேயே உறைந்து கிடக்கும், வெயில் ஏறியதும் காணாமல் போகும். அதன்மேல் சறுக்க முடியாது. இமயத்தில் மேகத்திலிருந்தே படிகமாக இறங்கி, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று அடுக்கடுக்காகச் சேர்கிறது. புதுப் பனியை அள்ளினால் மாவு மாதிரி உதிரும். இரண்டு நாள் வெயில் கண்ட பனி வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு மாதிரி நறநறவென்று இருக்கும். மாவுப் பனியில் விழுந்தால் வலி தெரியாது. கல்லுப்புப் பனியில் முழங்கை சிராய்க்கும். சரிவுக்குப் போனதும் முதலில் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்.

எந்த மாதம் போவது? தடைக்காலத்தில்தான் எங்களுக்கு ஓய்வு. அப்போது போகலாமா?

ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். டிசம்பரில் பள்ளி அரையாண்டு விடுமுறை என்று கிளம்புகிறவர்கள் நிறைய. ஆனால் மணாலிப் பக்கம் டிசம்பர் பல வருஷங்களில் காய்ந்தே போகிறது.

அங்கே பனி கொட்டும் மேகம் நம் வங்கக் கடலில் உண்டாவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கத்தில் கிளம்பி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி மேற்கிலிருந்து வருகிறது. ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்று வானிலைச் செய்தியில் சொல்வார்களே, அதுதான். ஐப்பசியில் எந்தத் தேதி புயல் சின்னம் உருவாகும் என்று நம்மால் எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படித்தான் அங்கே பனி விழும் தேதியையும் யாராலும் சொல்ல முடியாது. “பனி நிச்சயம்” என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது மணாலிக்குப் பக்கத்துச் சோலங் சரிவு பச்சைப் புல்லாக இருக்கும், பாராசூட்காரர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். பனியைப் பார்க்க வேண்டுமென்றால் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதாங் கணவாய்க்குப் போகலாம். வழி திறந்தால் மே மாதம் அங்கே பனி கிடக்கும், வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும்தான், முறையாகச் சறுக்கப் பழக அது இடமில்லை. தொழிலை விட்டு வர முடியாதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், எங்கள் சித்தப்பாவே அப்படிப்பட்டவர்தான். வாடைக் காற்று வலுத்துக் கடலுக்குப் போக முடியாத தை மாத வாரத்தைப் பார்த்துத்தான் அவர் கிளம்பினார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் வரும். டிக்கெட் போடுமுன் அந்தத் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மணாலி, குல்மார்க், ஔலி மூன்றில் எது நல்லது?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் மணாலியைச் சொல்வேன். ஊர் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் 2,500 மீட்டர் உயரத்தில் சோலங் பள்ளத்தாக்கு. சரிவு நீளம் குறைவுதான், ஆனால் பழக அது போதும். சோலங்கில் பனி இல்லாத வருஷம், 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை வழியாக லாஹௌல் பக்கம் சிஸ்ஸுவுக்குப் போய்விடலாம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் காய்ந்த மண், அந்தப் பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்ததை நாங்கள் ஒரு வருஷம் பார்த்தோம்.

காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்கில் பனி அதிகம், தரமும் உயர்வு. அங்கே ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறி, அஃபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் இறக்கிவிடும். அந்த இரண்டாம் கட்டம் தேர்ந்தவர்களுக்கானது. புதிதாகப் பழகுகிறவர்கள் கீழே உள்ள சரிவிலேயே இருக்க வேண்டும். உத்தராகண்டில் இருக்கும் ஔலி அழகான இடம், நந்தாதேவி நேர் எதிரே தெரியும். கட்வால் சுற்றுலாக் கழகம் அங்கே வகுப்பும் நடத்தி வந்திருக்கிறது. ஆனால் 2023 ஜனவரியில் ஔலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் நிலம் தாழ்ந்து ரோப்கார் நின்றது. போகிறவர்கள் வழியைப் பற்றி விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஊரிலிருந்து எப்படிப் போய்ச் சேர்வது?

நேரம் இருந்தால் ரயில். மதுரையிலிருந்து சண்டிகருக்கே நேரடி எக்ஸ்பிரஸ் உண்டு, தினசரி கிடையாது. இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அங்கிருந்து பஸ்ஸில் மணாலி. விமானம் என்றால் மதுரையில் ஏறி டெல்லியில் இறங்கி, காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ஹிமாச்சல் அரசுப் பேருந்து பிடிக்கலாம். சுமார் 530 கிலோமீட்டர், ஒரு முழு இரவுப் பயணம். குல்லு பக்கம் புந்தரில் சின்ன விமான நிலையம் இருக்கிறது. மேகம் மூடினால் விமானம் வராது, அதை நம்பித் திரும்பும் டிக்கெட் போட வேண்டாம். என்னைக் கேட்டால் போகும்போது ரயிலும் பஸ்ஸும்தான் நல்லது. கடல் மட்டத்திலிருந்து கிளம்பும் உடம்புக்கு மெதுவாக ஏறுவது நல்லது.

குளிரே தெரியாத ஊர் நம்முடையது. அந்தக் குளிர் தாங்குமா?

தாங்கும். சரிவில் இருக்கும் நேரத்தில் குளிரைவிட வியர்வைதான் தொல்லை. அரை மணி நேரம் ஏறி இறங்கினால் முதுகு நனைந்துவிடும். நனைந்த பருத்தித் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் விறைக்க வைக்கும். நம் ஊரில் நல்லதென்று உடுத்தும் காட்டன் பனியன் அங்கே எதிரி. உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை நூல் தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட். இந்த மூன்று அடுக்கு போதும். ஒரே தடித்த ஸ்வெட்டர் வாங்குவது வீண் செலவு. காலுறை ஒன்று மட்டும் போடுங்கள், முழங்கால் வரை வரும் கம்பளி. இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் நெரிந்து கால் இன்னும் சில்லிடும்.

கஷ்டம் ராத்திரியில்தான். மணாலியில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், குழாயில் தண்ணீர் உறையும். அறை எடுக்கும்போது ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

முதல் வருஷம் நாங்கள் ஏமாந்த கதை ஒன்று. சோலங் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு கடையில் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுக்கச் சொன்னார் டிரைவர். கோட்டு முந்தின ஆளின் ஈரத்தோடு இருந்தது, பூட்ஸில் பிளவு. மேலே போனதும் ஒருவர் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இருபது அடி இழுத்துச் சென்று, நேரம் முடிந்தது என்றார். தம்பி முகம் வாடிப் போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் மால் ரோடு பக்கம் விசாரித்து, பூட்ஸை அரை மணி நேரம் போட்டுப் பார்க்க விட்ட ஒரு கடையில் ஐந்து நாளுக்கு மொத்தமாகப் பேசி எடுத்தோம். பயிற்சியாளரையும் நாள் கணக்கில் பேசினோம். நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்யுங்கள்.

பெண்களுக்கு இது சரிப்படுமா?

ஏன் படாது? மணாலிக்குப் பக்கத்தில் புருவா என்ற கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர்தான் 2018-இல் துருக்கியில் வெண்கலம் வாங்கி, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் கொண்டுவந்தார். எங்கள் சித்திக்கு 46 வயது. சேலை தவிர வேறு உடுத்தியறியாதவர். முதல் நாள் பேன்ட் போடக் கூச்சப்பட்டார், இரண்டாம் நாள் அவர்தான் முதலில் கிளம்பி நின்றார். நடைமுறைச் சிரமம் ஒன்று உண்டு. சரிவுப் பக்கம் கழிப்பறை குறைவு, மூன்று அடுக்கு உடையோடு போவதும் எளிதில்லை. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்தால் தலைவலி பிடித்துக்கொள்ளும். தங்கும் இடம் சரிவுக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சறுக்கக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?

ஐந்து நாளில் சின்னச் சரிவில் விழாமல் இறங்கவும், நினைத்த இடத்தில் நிற்கவும், இரண்டு பக்கமும் திரும்பவும் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வகுப்பில் சேரலாம். மணாலியில் 1961 முதல் இயங்கும் அரசு மலையேற்றக் கழகம் இருக்கிறது, இப்போது அடல் பிஹாரி வாஜ்பாயி பெயரில். குல்மார்க்கில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கழகம். இரண்டிலும் குளிர்காலத்தில் பயிற்சி நடக்கும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மழைக்காலத்திலேயே விசாரியுங்கள்.

முதல் நாள் பாதி பூட்ஸிலேயே போகும். ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை அசைய விடாது, மரக்கட்டை மாதிரி இருக்கும். முழங்காலை மடக்கினால் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தம் எப்போதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முதல் பாடம். அப்புறம் சமதளத்தில் நடப்பது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் சரிவேறுவது. பிறகு இரண்டு ஸ்கீயின் முன்முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகற்றி வைத்து வேகத்தைக் குறைப்பது. பயிற்சியாளர்கள் இதற்கு “பீட்சா, பீட்சா” என்று கத்துவார்கள், பீட்சாத் துண்டு மாதிரி முக்கோணமாக வை என்று அர்த்தம். திரும்புவதற்குக் காலைத் திருப்ப வேண்டாம். வலது காலில் எடையை ஏற்றினால் இடது பக்கம் போகும், இடது காலில் ஏற்றினால் வலது பக்கம். இது புரிந்த கணம் உடம்பே லேசாகிவிடும். எனக்கு அது மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது.

விழுவதையும் சொல்லித் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இடுப்பு படும்படி விழ வேண்டும், கையை ஊன்றக் கூடாது. எழும்போது இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டு எழுந்தால் நழுவாது. பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். விழும்போது ஸ்கீ தானாகக் கழன்றால்தான் அது தப்பும். உங்கள் எடையைச் சொல்லி, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை அதற்கேற்ப முடுக்கிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் செய்வதில்லை.

கடலில் நின்று பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வருமா?

பாதி வரும், பாதி தடையாக இருக்கும். சித்தப்பா முப்பது வருஷம் வல்லத்தில் நின்றவர். ஸ்கீயை மாட்டியதும் முழங்காலை மடக்கி, தோளை அசைக்காமல், கண்ணைத் தூரத்தில் வைத்து நின்றார். “முன்னாடி பழகியிருக்காரா?” என்று பயிற்சியாளர் என்னிடம் இந்தியில் கேட்டார். ஆனால் சரிவில் விட்டதும் ஐந்து தடவை மல்லாக்க விழுந்தார். அலையில் வல்லத்தின் முன்பக்கமான அணியம் தூக்கும்போது எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோய்ப் பழகியவர் அவர். பனியில் வேகம் கூடக் கூட முன்னால் சாய வேண்டும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்முனை பிடி விட்டுவிடும், திருப்ப முடியாது. “கடலில் பயந்தால் பின்னால் சாய்வோம், இங்கே பயந்தால் முன்னால் சாயணுமா?” என்று கேட்டுக்கொண்டு அன்று முழுக்க அதையே பழகினார். நான்காம் நாள் எங்கள் எல்லோரையும்விட அழகாக இறங்கியது அவர்தான்.

போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அரியமான் கடற்கரையில் காய்ந்த மணலில் வேகமாக நடங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி மாதிரி உட்கார்ந்து தொடையைப் பழக்குங்கள். எங்களில் இதைச் செய்யாமல் வந்த இரண்டு பேர் மூன்றாம் நாள் அறையிலேயே படுத்துவிட்டார்கள்.

பனி வெயிலில் கண் கூசுமா?

உப்பளத்தில் நண்பகலில் நின்றவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் இது அதைவிடக் கடுமை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால், புதுப் பனி 80 சதவீதம் வரை அனுப்பும். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிர் இன்னும் பத்துச் சதவீதம் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி எரியும். நம் கறுத்த தோலும் காயும், மூக்கின் அடிப்பக்கமும் தாடையும் கூட. சன்ஸ்கிரீனைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள்.

மூச்சு வாங்குமா?

நம் வீடுகள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சோலங் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ கால்வாசி குறைவு. போய் இறங்கிய நாள் எதுவும் செய்யாமல் ஊரைச் சுற்றுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். குமட்டலோடு தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள், விடவில்லையென்றால் கீழே இறங்குங்கள். இதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ராமநாதபுரத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது அவசியம்.

அங்கே ஊர்க்காரர்களே வீட்டில் பீர் காய்ச்சுவார்களாமே, கிடைக்குமா?

தம்பியின் நண்பர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. நான் கடைசிப் பக்கம் வைத்தாலும் சொல்ல நிறைய இருக்கிறது.

குல்லு, மணாலிப் பக்கம் அதன் பெயர் லுக்டி. வேகவைத்த அரிசியை ஆறவிட்டு, ஃபாப் என்ற நொதிக்கட்டியைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடிக் கம்பளி சுற்றி வைப்பார்கள். குளிர் காலத்தில் நொதிக்க நாள் கூடும். பார்லியில் செய்தால் சாங். லாஹௌல், ஸ்பிதி, லடாக் பக்கம் அதுதான். கேழ்வரகில் செய்வது சூர். மலையில் கேழ்வரகைக் கோத்ரா என்கிறார்கள். நாம் கூழ் காய்ச்சும் அதே தானியம் பானைக்குள் வேறொன்றாகியிருப்பதைப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது.

நம் கள்ளுக்கும் இதற்கும் அடிப்படை வேறு. பனஞ்சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதியே அதைப் புளிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்குகிறோம். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும், பிறகுதான் புளிக்கும். இரண்டு வேலையையும் அந்த ஒரு கட்டியே செய்கிறது. அதனால் நல்ல கட்டி உள்ள வீட்டுக்கு ஊரில் மதிப்பு. நம் பக்கம் 1987 முதல் கள் இறக்கத் தடை. பனையேறி வீடுகளில் அந்தக் கைப்பழக்கம் தேய்ந்துபோனதை நினைத்துக்கொண்டேதான் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

சுவை? பழைய சோற்று நீராகாரத்தில் லேசாக இனிப்பும் புளிப்பும் கூட்டினால் எப்படியோ அப்படி. கலங்கலான வெள்ளை. நான் ஒரு சின்னக் கிண்ணம் குடித்தேன். குடிக்க இலகுவாக இருப்பதால் அளவு தெரியாமல் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே கிடைக்கும்? கடையில் தேடாதீர்கள். வீட்டார் தங்கள் விழாவுக்கும் விருந்தாளிக்கும் வைத்திருப்பது அது. ஜனவரி, பிப்ரவரியில் லாஹௌலில் ஹல்டா, ஃபாக்லி என்று விழாக்கள் வரும். கிராமத்து வீட்டில் தங்கியிருந்தால் அவர்களாகவே ஊற்றுவார்கள். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்குச் சாயல்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இது எந்த மரம், எப்படி ஏறுவார்கள், எவ்வளவு நேரம் காய்ச்சுவார்கள் என்று விளக்கமாகக் கேட்டார். மறுநாள் சாயங்காலம் அடுப்பங்கரைக்கு எங்களைக் கூப்பிட்டு, பானையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஊற்றினார். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்தப் பானையைப் பார்த்திருக்க முடியாது. தெருவில் யாராவது பிளாஸ்டிக் பாட்டிலில் விற்றால் வாங்க வேண்டாம்.

இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மணாலிக்கு மேலே கோஷால் உள்ளிட்ட சில கிராமங்களில் மகர சங்கராந்தி முதல் 42 நாள் சத்தம் போடுவதில்லை. தெய்வங்கள் வானுலகம் போயிருக்கும் காலம் என்பது அவர்கள் நம்பிக்கை. கோயில் மணி, டிவி, பாட்டு எதுவும் கிடையாது. நாம் பொங்கல் முடித்துவிட்டுப் போகும் நாள் அந்த மௌனத்துக்கு நடுவில்தான் விழும். ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள், போனை ஒலியடக்கி வையுங்கள்.

கடைப் பீர்தான் வேண்டுமென்றால் மணாலியில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு, ஆப்பிளிலும் பிளம்ஸிலும் செய்த பழ ஒயின்களும் இருக்கும். ஹிமாச்சலில் பீர் ஆலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. எட்வர்ட் டயர் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே கசௌலி மலையில் ஆலை வைத்தார்.

குளிருக்கு ஒரு வாய் குடித்துவிட்டுச் சறுக்கினால் இதமாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் சூடு ஏறியது மாதிரித் தோன்றும். உண்மையில் உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியேறுகிறது. கால் தடுமாற்றம், உயரத்தில் தலைவலி எல்லாம் அதோடு சேரும். சரிவில் உங்களுக்குக் கீழே குழந்தைகள் நிற்கிறார்கள். சறுக்கல் முடிந்து, ஈர உடை மாற்றி, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் குடிப்பது உங்கள் விருப்பம்.

குடிக்காதவர்கள் என்ன செய்வது? கீழக்கரையிலிருந்து குடும்பமாகப் போனால்?

கூச்சப்படாமல் “குடிக்க மாட்டோம்” என்று சொல்லுங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் தருவார்கள். இரண்டாம் மடக்கில் பிடித்துவிடும். ஹலால் சாப்பாடு வேண்டுமென்றால் குல்மார்க் உங்களுக்குப் பொருந்தும். குங்குமப்பூவும் ஏலக்காயும் பாதாமும் போட்ட கஹ்வா என்ற காஷ்மீர்த் தேநீர் சறுக்கி வந்த கைக்கு நல்ல சூடு. பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தச் சரிவுகளில் வளர்ந்தவர்தான்.

மீன் இல்லாமல் சோறு இறங்காதே?

பியாஸ் ஆற்றுப் பக்கம் ட்ரவுட் கிடைக்கும். பட்லிகுலில் அரசுப் பண்ணையே இருக்கிறது. முள் குறைவு, கடல்மீன் ருசி வராது, ஆனால் வறுத்தால் நன்றாகவே இருக்கும். சித்து என்று கோதுமை மாவில் வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள், நெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். நம் கொழுக்கட்டைக்கு அக்கா முறை. கையில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் சுக்கும் இருந்தால் போதும். கருவாடு எடுத்துப் போகாதீர்கள். மூடிய பஸ்ஸில் இரவு முழுக்க மற்றவர்களுக்குச் சிரமம்.

மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஆபத்து உண்டா?

பயிற்சிச் சரிவில் ஆபத்து மிகக் குறைவு. வெளியே, யாரும் போகாத செங்குத்துச் சரிவில்தான் உண்டு. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வு, அதன்மேல் கனத்த புதுப் பனி, இந்த இரண்டும் சேர்ந்தால் மொத்தமாக வழுக்கி இறங்கும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி அப்படித்தான் இறந்தார். கொடி நட்ட எல்லையைத் தாண்டாதீர்கள். புயல் கூண்டு ஏற்றிய நாளில் கடலுக்குப் போகாத நமக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளை எந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம்?

மாமாவின் கடைசி மகனுக்கு ஏழு வயது, எங்களில் சீக்கிரம் கற்றது அவன்தான். அந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம். ஹெல்மெட் தலைக்குப் பொருந்த வேண்டும், கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நிச்சயம் நனையும். காலை பத்து மணிக்கு முன்பே சரிவில் இருங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்து இறங்கும், பிள்ளைகள் தைரியமாக விழுந்து எழ இடம் இருக்காது.